9 சதவீத லீசிங்கா, 13.5 சதவீத லீசிங்கா?

கேள்வி:

வணக்கம் ஐயா. நானும் கணவரும் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் வேலை. கைக்கு வரும் சம்பளம் சேர்த்து 340,000 ரூபாய், வீட்டு வாடகை 90,000. 80 இலட்சத்துக்கு ஒரு சின்னப் புதுக் கார் பார்த்திருக்கிறோம். பாதிக் காசு கையில் இருக்கிறது. மீதி 40 இலட்சத்தை ஐந்து வருட லீசிங்கில் எடுக்க யோசனை. வங்கி ஒன்றில் 13.5 சதவீதம், மாதம் 92,039 என்று எழுதித் தந்தார்கள். கார் சேல்காரர் அறிமுகப்படுத்திய பைனான்ஸ் கம்பனி ஓபிசர் 9 சதவீதம்தான், இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். "யோசிக்காமல் ஒன்பதுக்குப் போ" என்பது அண்ணாவின் கட்சி. டொரொண்டோவில் இருக்கும் மச்சாளோ, "லீஸ் என்றால் மூன்று வருடம் ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதானே, மணி ஃபேக்டர் எவ்வளவு என்று கேள்" என்கிறாள். எதை எடுப்பது? எதைப் பேசிக் குறைக்கலாம்? நகையை அடகு வைத்து முற்பணத்தைக் கூட்டினால் நல்லதா?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

வங்கியின் மாதத் தவணையை ரூபாய் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். 9 சதவீதத்தின் தவணையை எழுதவில்லை. அந்த ஓபிசர் அதைச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் பல வருடம் லீசிங் பிரிவில் இருந்தவன். வீதத்தை மட்டும் சொல்லித் தவணையைச் சொல்லாமல் விட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அவர் சொல்லும் 9 அநேகமாக ஃபிளட் ரேட், அதாவது கட்டக் கட்ட நிலுவை குறைந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடும் முறை. கணக்கு இப்படி: 40 இலட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 360,000. ஐந்து வருடத்துக்கு 18 இலட்சம். அதை முதலோடு கூட்டி 58 இலட்சம், 60 மாதத்தால் பிரித்தால் 96,667. வங்கியை விட மாதம் 4,628 ரூபாய் அதிகம். 60 தவணைக்கும் சேர்த்துப் பார்த்தால் 277,000க்கு மேலே. ஒன்பதுக்குப் போனால் பதின்மூன்றரையை விடக் கூடக் கட்டுவீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று கடைசி மாதத்தை வைத்துப் பாருங்கள். ஃபிளட் கணக்கில் ஒவ்வொரு தவணையிலும் 66,667 முதலுக்கு, 30,000 வட்டிக்கு. அறுபதாவது மாதத்தில் நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் 66,667 ரூபாய் மட்டும்தான் மிச்சம். அந்த அறுபத்தாறாயிரத்துக்கும் 30,000 வட்டி கட்டுகிறீர்கள், ஏனென்றால் முழு 40 இலட்சமும் இன்னும் உங்கள் கையில் இருப்பதாகவே கணக்குப் போகிறது. வங்கியின் கணக்கில் வட்டி நிலுவைக்கு மட்டும்தான். முதல் மாதம் 92,039இல் 45,000 வட்டி, 47,039 முதல். அடுத்த மாதம் வட்டி கொஞ்சம் இறங்கும், முதல் கொஞ்சம் ஏறும். கடைசி மாதங்களில் வட்டி ஆயிரம் இரண்டாயிரத்துக்கு வந்துவிடும்.

அந்த 96,667ஐ வங்கிக் கணக்கின் முறைக்கு மாற்றினால் உண்மையான வருட வட்டி கிட்டத்தட்ட 15.7 சதவீதம். நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்செல்லில் ரேட் என்ற பார்முலா இருக்கிறது. அதில் 60, மைனஸ் 96,667, 4,000,000 என்று கொடுத்து, வருவதை 12ஆல் பெருக்குங்கள். கணினி கிட்ட இல்லாவிட்டால், ஐந்து வருட ஃபிளட் ரேட்டைச் சுமார் ஒன்றே முக்காலால் பெருக்கினால் நிஜ வீதம் அருகில் வந்துவிடும்.

ஓபிசரிடம் வாதாடத் தேவையில்லை. நிலுவைக்கு மட்டும் 9 சதவீதம் என்றால் தவணை 83,033 வர வேண்டும். "83,033 என்று எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். தந்தால் அன்றே கையெழுத்து வையுங்கள், அண்ணா சொன்னதுதான் சரி. தரமாட்டார்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் தவணை எப்போது? காசு விடுவிக்கும் அன்றே முதல் ரெண்டலைக் கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு. அப்படியென்றால் உங்களுக்குக் கிடைப்பது 40 இலட்சம் இல்லை, 39 இலட்சத்துச் சொச்சம்தான். மேலே சொன்ன 15.7, 16.3 ஆகிவிடும். சின்ன எழுத்தில் ஒரே ஒரு வரி, அரை சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

மச்சாள் சொன்னதில் பிழையில்லை, அது கனடாவுக்குச் சரி. அங்கே லீஸ் என்பது பெரும்பாலும் நீண்ட கால வாடகை. கார் மூன்று நான்கு வருடத்தில் எவ்வளவு பெறுமதி இழக்கும் என்று கணித்து, அந்த இழப்பையும் அதற்கான வட்டியையும் மட்டும் மாதாமாதம் வாங்குவார்கள். இத்தனை கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் தண்டம், முடிவில் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். மணி ஃபேக்டர் என்பது அவர்கள் வட்டியை எழுதும் முறை. 2,400ஆல் பெருக்கினால் வருட சதவீதம் வரும், 0.0025 என்றால் 6. கொழும்பில் ஓபிசரிடம் அதைக் கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். இங்கே நாம் லீசிங் என்பது 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வருவது. நடைமுறையில் காரை வாங்குவதற்கான கடன்தான். முழு விலையையும் கட்டி முடிக்கிறீர்கள், கார் உங்களுடையதாகிறது. கிலோமீற்றர் எல்லை இல்லை, திருப்பிக் கொடுக்கும் வசதியும் இல்லை. கட்டி முடியும்வரை வாகனப் பதிவுப் புத்தகத்தில் பதிவு உரிமையாளர் நீங்கள், முழு உரிமையாளர் லீசிங் கொடுத்த நிறுவனம். அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. தவணை தொடர்ந்து பிந்தினால் வந்து எடுத்துக்கொள்ளவும் முடியும். எடுத்த வாகனத்தை விற்ற காசு நிலுவைக்குப் போதாவிட்டால் மிச்சத்தையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

கனடா முறைக்குக் கொஞ்சம் கிட்ட வருகிற ஒன்று இங்கேயும் உண்டு. "மாதம் பாரமாக இருக்கிறதா, கடைசியில் ஒரு பத்து இலட்சத்தை ரெசிடுவலாக வைப்போம்" என்பார்கள். அந்தத் தொகையைத் தவணையில் சேர்க்காமல் முடிவில் மொத்தமாகக் கட்டுவது அது. அதே 13.5 சதவீதத்தில் தவணை 80,280 அளவுக்கு இறங்கும். பார்க்க அழகு. ஆனால் அந்தப் பத்து இலட்சத்துக்கும் ஐந்து வருடம் வட்டி ஓடுகிறது, மொத்தச் செலவு 294,000 அளவுக்குக் கூடுகிறது, கடைசியில் பத்து இலட்சத்தை ஒரே தடவையில் புரட்டவும் வேண்டும். பெரும்பாலோர் அந்த நேரத்தில் அதற்கும் ஒரு லீசிங் போடுகிறார்கள். வியாபாரிகளுக்கு இது சரிவரலாம், மாதச் சம்பளக்காரருக்கு வேண்டாம்.

இனிப் பேரம். நம்மவர்கள் வீதத்தில் அரை சதவீதத்துக்காக ஒரு மணி நேரம் பேசிவிட்டு மற்றதையெல்லாம் பார்க்காமல் கையெழுத்து வைப்பார்கள். அந்த அரை சதவீதத்தின் பெறுமதி என்ன? 13.5ஐ 13 ஆக்கினால் தவணை 91,012. மாதம் ஆயிரத்துச் சொச்சம், ஐந்து வருடத்துக்கு 61,600 ரூபாய். கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். இன்னொரு வங்கியின் எழுத்து மூலமான கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு, இலக்கு நெருக்கும் மாதக் கடைசியில் போய்க் கேட்டால் கிடைக்கவும் கிடைக்கும். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியானால் இன்னும் வசதி. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கேட்பது இடையில் முடிக்கும் கணக்கைத்தான். நம் ஊரில் ஐந்து வருட லீசிங்கை ஐந்து வருடமும் இழுப்பவர்கள் குறைவு. சீட்டுக் காசு வரும், வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்புவார்கள், அல்லது காரையே மாற்றத் தோன்றும். அப்போது எவ்வளவு கட்டி முடிக்கலாம்? வங்கிக் கணக்கின்படி 24 தவணைக்குப் பின் முதல் நிலுவை 2,712,000 ரூபாய் அளவில் நிற்கும். அதுவரை நீங்கள் கட்டியிருப்பது 22 இலட்சத்துக்கு மேலே, ஆனால் முதலில் குறைந்திருப்பது 13 இலட்சம் கூட இல்லை. ஆரம்ப வருடங்கள் வட்டிக்குத்தான் போகும், அதில் அநியாயம் ஒன்றுமில்லை. அநியாயம் எங்கே வருகிறதென்றால், இந்த நிலுவையோடு இனி வரவிருக்கும் வட்டியிலும் ஒரு பங்கைச் சேர்த்து, அதற்கு மேல் முடிப்புக் கட்டணமும் போட்டு ஒரு தொகை சொல்லும்போது. அந்த நேரத்தில் வாதாடிப் பயனில்லை, ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். அதனால் இப்போதே கேளுங்கள்: "24ஆம் மாதமும் 36ஆம் மாதமும் முடித்தால் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும்? ரூபாயில் எழுதித் தாருங்கள்." இரண்டு நிறுவனமும் ஒரே தவணை சொன்னாலும் இந்த இரண்டு எண்களில் வித்தியாசம் தெரிந்துவிடும். இடையில் இரண்டு மூன்று இலட்சம் கையில் வந்தால் கடன் முதலில் இருந்து கழித்துத் தவணையைக் குறைக்கலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். லீசிங் முடியும்வரை ஃபுல் இன்ஷூரன்ஸ் போடத்தான் வேண்டும், அதில் பேரம் இல்லை. எந்தக் கம்பனியில் போடுவது என்பதில் பேரம் உண்டு. ஓபிசர் தங்களுக்கு வேண்டிய ஒன்றைப் படிவத்திலேயே நிரப்பி வைத்திருப்பார். நீங்கள் இரண்டு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, அதில் ஒன்றை ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். பிரீமியத்தை மட்டும் பார்க்காமல் வெள்ளம், கலவரம் இரண்டும் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். கொழும்பில் ஒரு மழைக்கு எந்த வீதி கால்வாயாகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆவணக் கட்டணம், முத்திரைக் கட்டணம், பதிவுச் செலவு என்று ஒரு பட்டியல் வரும். அரசாங்கத்துக்குப் போவது குறையாது, நிறுவனம் தனக்கு எடுப்பது குறையும். எது எது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தவணை பிந்தினால் தண்ட வட்டி எவ்வளவு, எந்த நாளில் இருந்து என்பதும் அதில் இருக்கட்டும். வீதம் ஐந்து வருடமும் மாறாதது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். "சந்தை நிலைக்கேற்ப மாற்றலாம்" என்று ஒரு வரி இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியதை நாம் மறப்பதற்கில்லை.

கார் சேல்காரர் ஏன் இவ்வளவு அக்கறையாக ஓபிசரை அறிமுகப்படுத்தினார்? பிழையாக எடுக்காதீர்கள், அது அவர் பிழைப்பு. லீசிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கொமிஷன் உண்டு. அந்தக் கொமிஷன் உங்கள் தவணைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதனால் கார் விலையை முதலில் தனியாகப் பேசி முடியுங்கள். லீசிங்கா ரொக்கமா என்று கேட்டால் "இன்னும் முடிவில்லை" என்று சொல்லுங்கள். மிதியடி, சீட் கவர், கண்ணாடிக்கு டின்ட் என்று இலவசங்களை அடுக்குவார். அதை விட்டுவிட்டு விலையில் ஒரு இலட்சம் குறைத்தால் அவ்வளவுக்கு லீசிங்கும் குறையும், வட்டியும் குறையும். ஏஜென்டிடம் புதுக் கார் எடுத்தால் விலையில் அசைவு குறைவு. அங்கே பார்க்க வேண்டியது வேறு: இன்வொய்சில் உள்ள விலை காரைக் கையில் தரும்வரை மாறாதா, அல்லது வரியோ நாணய மாற்றோ ஏறினால் உங்கள் தலையில் விழுமா? 18 சதவீத வற் உட்பட்ட விலையா? முற்பணத்தைக் கட்டுமுன் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வாகனப் பெறுமதியில் எவ்வளவு வரை லீசிங் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு அந்த வரம்பு மாற்றப்பட்டும் இருக்கிறது. கையெழுத்து வைக்கும் நாளில் 40 இலட்சம் அதற்குள் வருகிறதா என்று வங்கியிடம் கேளுங்கள். வராவிட்டால், "இன்வொய்சில் விலையைக் கொஞ்சம் தூக்கிப் போடுவோம்" என்று யாராவது வழி காட்டலாம். சம்மதிக்காதீர்கள். பொய்க் கணக்கில் இருப்பது உங்கள் கையெழுத்து.

நகையை விடுங்கள். அடகு குறுகிய காலத்துக்கு எடுப்பது, வருடம் முடிய மீட்கவோ புதுப்பிக்கவோ ஓட வேண்டும். ஐந்து வருடக் கடனைக் குறைக்க ஒரு வருடக் கடனை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணக்கில் வாடகையும் 92,039உம் போக 158,000 அளவில் மிஞ்சுகிறது. அதில் பெற்றோல், இன்ஷூரன்ஸ், சேர்விஸ், வீட்டுச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஓடும், ஆனால் ஒருவர் சம்பளம் ஒரு மாதம் பிந்தினாலும் இறுகும். அந்த நேரத்துக்கு நகை வீட்டில் இருப்பதே நல்லது. முற்பணத்துக்கென்று வைத்த காசிலும் மூன்று தவணைக்கான தொகையைத் தொடாமல் வைக்கப் பாருங்கள், மத்திய வங்கி வரம்புக்குள் லீசிங் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. நாலு வருடத்துக்கு எடுத்தால் மொத்தத்தில் 323,000 அளவுக்கு மிச்சம் என்று வங்கியில் ஆசை காட்டலாம். உண்மைதான், ஆனால் தவணை 108,300க்கு ஏறும். உங்கள் வரவுக்கு அது அதிகம். ஐந்து வருடத்தை எடுத்து, முடிந்தபோது கடன் முதலில் இருந்து கழிப்பதுதான் உங்களுக்குத் தோது.

ஆக, வங்கிதான். அங்கேயும் 13க்குப் பேசிப் பாருங்கள். மேலே சொன்னதெல்லாவற்றையும் தமிழிலேயே எழுதித் தரச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். 2023இல் மத்திய வங்கி கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. நிறுவனத்திடம் முறையிட்டும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம்.

அண்ணாவைப் பிணைக்குக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உங்கள் லீசிங் அவருடைய கிரிப் அறிக்கையிலும், அதாவது கடன் தகவல் பணியகம் வைத்திருக்கும் கடன் வரலாற்றிலும், ஏறும், தவணை பிந்தினால் அவர் வீடு கட்டக் கடன் கேட்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். கிரிப் என்றதும் ஞாபகம் வருகிறது, கொட்டேஷன் கேட்கும் இடத்திலெல்லாம் கிரிப் பார்க்கச் சம்மதக் கையெழுத்துக் கொடுக்காதீர்கள். எத்தனை நிறுவனம் உங்கள் அறிக்கையைப் பார்த்தது என்பதும் அதில் பதிவாகும். தவணைக் கணக்குச் சொல்ல அது தேவையில்லை. முடிவெடுத்த இடத்தில் மட்டும் கொடுங்கள். வெற்றுப் படிவம் எதிலும் கையெழுத்து வேண்டாம், வைக்கும் ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணை கட்டியதும் பதிவுப் புத்தகத்தையும் உரிமையை விடுவிக்கும் கடிதத்தையும் வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிறுவனத்தின் பெயரை அப்போதே நீக்கிவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று லாச்சிக்குள் வைத்துவிட்டு, காரை விற்கும் நாளில் அந்தக் கடிதத்தைத் தேடி வீட்டைப் புரட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.